பயத்தை மைக்கில் சொன்னவர்

சென்னையை ஒட்டிய சென்னீர்குப்பத்தில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடி மாதக் கூழ் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியாயிற்று. வீட்டில் பெண்டாட்டிக்கு முன்னால் வாய் திறக்காத ஆசாமிகூட என் மைக்கைப் பிடித்துவிட்டால் டெல்லிக்குச் சவால் விடுவான். அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூடி நிற்கும் ஜனத்துக்கு முன்னால், "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்று சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாதான்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து போய் அதை விரட்டினேன். அது தெருமுனை தாண்டும்வரை பார்த்திருந்து அப்புறம்தான் படியேறினார். கையில் ஒரு கண்ணாடி ஜக், அதைச் சுற்றி ஒரு துண்டு.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மைக்கும் ஒரு பாக்ஸும் வேணும் அண்ணே."

"எந்தக் கட்சி மேடம்?"

"கட்சி இல்ல. அறிவியல்."

"புச்சா ஆரம்பிச்சுகீறாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. தெருத்தெருவாகப் போய் நின்று சின்னச் சின்னச் சோதனைகள் செய்து காட்டுவாராம். ஜனங்கள் கேள்வி கேட்கலாமாம். ஏதோ ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவர், நாகர்கோவில் பக்கம் ஊர், ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை நீட்டிப் படுக்காமல் இந்த அம்மாவுக்கு ஏன் இந்த வேலை என்று நினைத்துக்கொண்டேன். வாடகை வந்தால் சரி என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் நாளே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலேயே குனிந்து பார்த்தபடி வந்தவர், ஓர் இடத்தில் நின்றார்.

"இது என்ன அண்ணே?"

"டேப்பு மேடம். அங்க ஒயரு கொஞ்சம் உரிஞ்சி கீது."

"தரை ஈரமா இருக்கே."

"கொழாய்த் தண்ணி மேடம், ஒண்ணியும் ஆவாது. இத்தினி வருசமா இதே ஒயருதான். நான் உயிரோடதானே கீறேன்?"

"இதுவரைக்கும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சோற்றில் கை வைத்தாலும் அதுதான் ஞாபகம் வந்தது. அந்த வாரத்திலேயே பழைய ஒயரையெல்லாம் கடாசிவிட்டுப் புதுசு வாங்கினேன். அவருடைய பயம் அப்படித்தான், சளி மாதிரி பக்கத்தில் நிற்கிறவனுக்கும் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். "யாருக்கெல்லாம் பயமா இருக்கு? கை தூக்குங்க" என்பார். முதலில் தன் கையைத் தூக்குவார். ஜனங்கள் சிரிப்பார்கள். அப்புறம் ஓரமாக நிற்கும் ஒரு பெண் தயங்கித் தயங்கித் தூக்குவாள். அடுத்து ஒரு பெரியவர். மீசை வைத்த ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்க, பயப்படுறவங்க முன்னாடி வரட்டும்" என்பார். அதற்கும் சிரிப்பு எழும்.

உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிக் குறி சொல்லும் சாமியார் ஒருவர் டிப்போ பக்கம் கடை விரித்திருந்த சமயம் அது. அதே தெருவில் போய் நின்று இந்த அம்மாவும் கையை நனைத்துக் கற்பூரத்தை ஏற்றினார். மைக் பக்கத்திலேயே இருந்தது. தீ எழுந்ததும் "ஐயையோ!" என்று கத்தினார் பாருங்கள், என் பாக்ஸே அதிர்ந்தது. ஆனால் கற்பூரத்தைக் கீழே போடவில்லை. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கும் அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"சுட்டுச்சா மேடம்?" என்று ஒருத்தர் கேட்டார்.

"இல்ல. சுட்டுடுமோன்னு கத்தினேன்."

"சாமியாரு கத்தலியே."

"அவருக்குப் பழகிப்போச்சு. பயம் விட்டுப்போச்சு. என்னைக்காவது ஒரு நாள் கையைச் சுட்டுக்குவார், பாவம்."

சாமியார் மேல் அவருக்குக் கோபமே இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். ஒருமுறை வண்டியில் சாமான் ஏற்றும்போது கேட்டேவிட்டேன், "மேடம், எல்லாரும் தைரியம் சொல்லுவாங்கோ. நீங்க இன்னாத்துக்கு எல்லாரையும் பயமுறுத்திகினு கீறீங்க?" என்று. அவர் ஜக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "பயந்தா நின்னு ஒரு தடவை பார்ப்பாங்க அண்ணே. எனக்கு நின்னு பாக்குறவங்கதான் வேணும். கைதட்டுறவங்க இல்ல" என்றார்.

கைதட்டல் அந்த ஜக்கினால்தான் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

ஜக்கில் ஆப்பசோடாவைப் போட்டு வினிகரை ஊற்றுவார். நுரைத்துப் பொங்கி அடங்கும். அப்புறம் கீழே எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவத்தியின் மேல் ஜக்கை மெதுவாகச் சாய்ப்பார். ஒரு சொட்டுகூட வெளியே விழாது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மெழுகுவத்தி மட்டும் பட்டென்று அணைந்துவிடும். கூட்டம் விசில் அடிக்கும். "இது கனமான காத்து. கிணத்துல, கழிவுநீர்த் தொட்டியில அடியில போய்த் தங்கிடும். இதுல மெழுகுவத்தி எப்படி அணைஞ்சுதோ, உள்ள இறங்குறவங்க மூச்சும் அப்படித்தான் நின்னுடும்" என்று சொல்லுவார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரைத் தெருவில் இதைக் காட்டியபோது அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டார்கள். அவரும் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை தெருக்களில் அவர் கையைத் தூக்கச் சொல்லாமல் செய்த சோதனை இது ஒன்றுதான். ஆப்பசோடாவுக்கும் வினிகருக்கும் யார் பயப்படுவார்கள்?

அடுத்த பொங்கலுக்கு அந்த ஏரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டில் விழா. மத்தியானமே போய் பாக்ஸ் கட்டி, ஆம்ப்ளிஃபயரை வைத்து, "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் கழிவுநீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய்விட்டதாம். அடியில் கட்டியாகத் தங்கிப்போனதை உறிஞ்ச முடியவில்லையாம். சாயங்காலம் விருந்தாளிகள் வருவதற்குள் வாரி எடுக்க வேண்டுமென்று ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஃபிளாட் செக்ரட்டரி, சேலத்துப் பக்கத்து மனுஷர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பீடியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டிக் குழிக்குள் மெல்ல இறக்கினார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணே, பாருங்க! உங்க மேடம் காட்டினாங்களே, அதான். அடி வரைக்கும் விட்டுப் பாத்துட்டேன், அணையவே இல்ல. காத்து இருக்கு. இனிமே பயமில்லாம இறங்கலாம்."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம மேடம் சொன்னதைக் கேட்டு ஒரு மனுஷர் நடக்கிறாரே, இதைக் கேட்டால் சந்தோஷப்படுவாரே என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வந்து நின்று போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம்?"

"அண்ணே, ஆளு இறங்கிட்டாரா?" அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"இப்பத்தான் எறங்கப் போறாரு மேடம். வத்தி அணையல, அதனால..."

"நிறுத்துங்க! நிறுத்துங்க அண்ணே! அது பொய்! அணையலன்னாலும் செத்துடுவாங்க!"

நான் திரும்பிப் பார்த்தபோது அந்த ஆள் இடுப்புவரை குழிக்குள் போயிருந்தார். கத்தினேன். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு நேரே பிடித்தேன்.

"இறங்காதீங்க! யாரும் இறங்காதீங்க! மேல வாங்க! நெருப்பை வெளிய எடுங்க, எல்லாரும் தள்ளிப் போங்க! தயவு செஞ்சு இறங்காதீங்க!"

என் பாக்ஸ் நான்கிலும் அந்த அம்மாவின் குரல் நடுங்கியது. மாடி மாடியாகக் கதவு திறந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்கள். குழிக்குள் இருந்தவர் யார் கத்துவது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார். நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். அவராகவே இரண்டு படி மேலேறிக் கரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். குழிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தூரத்தில் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செக்ரட்டரிக்கு மனசு நொந்துவிட்டது. "நீங்கதானே மேடம் காட்டினீங்க?" என்று கேட்டார்.

"அணைஞ்சா ஆபத்துன்னு காட்டினேன் சார். அணையலன்னா ஆபத்து இல்லன்னு நான் சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் நின்ற எங்கள் எல்லோருக்குமே இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அதை அவர் எங்கள் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"ஒண்ணு இல்ல சார். இந்தத் தொட்டியில இருக்குறது வேற விஷவாயு. மெழுகுவத்தி ஜம்முனு எரியும், ஆளு விழுந்துடுவாரு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அதிகமா இருந்தா மூக்கே மரத்துப்போய் நாத்தம்கூடத் தெரியாது. எரியுற வாயுவும் இருக்கும். அது சேர்ந்திருந்தா உங்க மெழுகுவத்தியிலேயே வெடிச்சிருக்கும். ஆளை இறக்குறதே கூடாது சார். சட்டப்படியும் குத்தம்."

குழியோரம் உட்கார்ந்திருந்தவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னாம்மா நீ. நாங்க எறங்கசொல்ல இத்தினி நாளா எவனும் ஒரு வத்திகூட ஏத்திப் பாத்ததில்ல. இன்னிக்குத்தான் ஒருத்தரு ஏத்தினாரு. அப்பாடா, நம்மளையும் ஒரு மனுசனா நெனிச்சு பாக்குறாங்கன்னு தைரியமா கால வெச்சேன். நீ அத்தியும் பொய்யின்ற."

அதைக் கேட்டதும் அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ தெருவில் எத்தனையோ முறை பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்க முடியவில்லை. மூடியை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றைக்குப் பொங்கல் விழா நாற்றத்தோடுதான் நடந்தது.

மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். வாசலில் நாய் படுத்திருந்ததைக் கவனிக்கக்கூட இல்லை, தாண்டி வந்தார்.

"அண்ணே, அந்த ஜக் சோதனை எந்தெந்தத் தெருவுல காட்டினோம்?"

நினைவுக்கு வந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. "எல்லாத் தெருவுக்கும் திரும்பப் போகணும். யாராவது இறங்குறதுக்கு முன்னாடி போயிடணும்" என்றார்.

போனோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தெரு. முதல் தடவை வந்த கூட்டம் இரண்டாவது தடவை வரவில்லை. ஜக் இல்லை, நுரை இல்லை, கற்பூரம் இல்லை. ஓர் அம்மா நின்றுகொண்டு, "நான் அன்னைக்குப் பாதிதான் சொன்னேன், மெழுகுவத்தியை நம்பி யாரையும் இறக்காதீங்க" என்று சொன்னால் யார் நிற்பார்கள்? இரண்டு பேர் நிற்பார்கள், ஒருத்தர் பாதியில் போய்விடுவார். அப்புறம் இவர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். நாய் குரைத்தாலும் தட்டினார். சில வீடுகளில் நன்கொடை கேட்க வந்தவர் என்று நினைத்துத் திறக்காமலேயே விட்டுவிட்டார்கள். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் தரையைத்தான் தேடும், எங்கேயாவது தொட்டி மூடி திறந்திருக்கிறதா என்று. எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. துக்க வீட்டுப் பந்தலைப் பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுவார். "எப்படிப் போனாருன்னு கேட்டுட்டு வாங்க அண்ணே" என்பார். நான் போய்க் கேட்டுவிட்டு, "வயசானவரு மேடம், நெஞ்சுவலி" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுவார்.

கடைசியாக ஏரிக்கரைத் தெருவுக்குப் போனோம். அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"மேடம், நீங்கதானே அந்த ஜக்கு மேடம்! உங்க வீடியோ சூப்பரு! எங்க மச்சான் ஓசூர்ல கீறான், அவனுக்கு அனுப்ச்சேன். அவன் சொந்தக்காரனுங்களுக்கெல்லாம் தட்டி வுட்டுட்டான். ரெண்டு மூணு குரூப்ல நானே போட்டேன்."

போனை நீட்டிக் காட்டினார். அந்தச் சின்னத் திரையில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஜக்கைச் சாய்க்கிறார். மெழுகுவத்தி அணைகிறது. விசில் சத்தம். அதற்குக் கீழே யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'தொட்டியில் இறங்கும் முன் இப்படிச் சோதித்துப் பாருங்கள். உயிரைக் காக்கும் தகவல். அனைவருக்கும் பகிரவும்.'

"இதை யார் எழுதினாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"யாருக்குத் தெரியும் மேடம்? வரசொல்லயே அப்டித்தான் வந்துது. நான் அனுப்ச்சது சுத்திகினு எனக்கே திரும்ப வந்துது."

தெருவென்றால் போய்விடலாம். இதற்கு எங்கே போவது? அந்த அம்மா அந்தப் பட்டறைக்காரரையே படம் எடுக்கச் சொல்லி, அவர் போனுக்கு நேராக நின்று பேசினார். நிதானமாக, ஒரு வார்த்தையும் விடாமல், எல்லாவற்றையும் சொன்னார். "இதை அந்த குரூப்லயெல்லாம் போடுங்க அண்ணே" என்று கும்பிட்டார்.

பட்டறைக்காரர் நல்ல மனுஷர். முழுக்க ஓட விட்டுப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"போட்றேன் மேடம். ஆனா யாரு பாப்பாங்க? இதுல ஒண்ணியும் நடக்கலியே."

அதற்கப்புறம் அந்த அம்மா தெருவில் சோதனை காட்டியதாக எனக்கு நினைவில்லை. ஒரு வருஷமோ என்னவோ கழித்துச் சொந்த ஊர்ப் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஆனால் விஷவாயு தாக்கி ஆள் இறந்தார் என்று டிவியில் எந்த ஊர்ச் செய்தி வந்தாலும் என் போன் அடிக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்க மாட்டார். "மெழுகுவத்தி ஏத்திப் பாத்தாங்களான்னு ஏதாவது போட்டிருக்கா அண்ணே?" என்பார். எனக்கு எப்படித் தெரியும்? போடவில்லை மேடம் என்பேன். அவர் நம்ப மாட்டார் என்று தெரிந்தும் சொல்லுவேன்.

போன மாதம் என் சகலை, திருத்தணிப் பக்கம் வீடு கட்டியிருப்பவர், ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். திறந்தேன். ஜக் சாய்ந்தது. அதன் கீழே அவரே எழுதியிருந்தார்: 'இந்த மேடம் உங்க ஏரியாவா? இன்னிக்கு நம்ம வீட்டு டேங்க் க்ளீன் பண்றோம். இதான் டெஸ்ட்.'

அனுப்பி வெகு நேரமாகியிருந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். என் கடை, என் ஒயர், வாசலில் போகிற பஸ் எதுவுமே எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை போட்டதும் எடுத்தார்.

"சகலை! ஆளு எறங்கிட்டானா?"

"இன்னும் இல்லப்பா. ஊட்ல வத்தி இல்ல. வாங்கியாரக் கடைக்குப் போய்கீறான்."

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். மூடியை மூடினேன் என்று சகலை சத்தியம் பண்ணிய பிறகுதான் போனை வைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்புறம் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு உயிர் தப்பியது மேடம் என்று சொன்னால் ஆறுதலாக இருக்குமே என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டார்.

"அவருக்கு அதை யார் அனுப்பினாங்க அண்ணே?"

"ஏதோ குரூப்ல வந்துச்சாம் மேடம்."

"அந்த குரூப்ல எத்தனை பேரு இருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க. ஒவ்வொருத்தர் நம்பரா வாங்கிக் குடுங்க. நான் பேசுறேன்" என்றார்.